பின்தையல் பிரிந்த பிரசாரம்

ஓட்டு என்ற பேச்சை எடுத்தாலே தையல்கார அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைவாசலில் ஒரு சாக்கடைக் குழி வாயைப் பிளந்து கிடந்தது. போன மாதம் அவள் மகள் அதில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். அதை மூடினால் போதும், வேறு எந்தச் சொர்க்கமும் அவளுக்கு வேண்டாம்.

அன்று ஓட்டுக் கேட்டு வந்த சட்டமன்ற உறுப்பினர், கேமராவுக்காகக் குனிந்து ஒரு குழந்தையைத் தூக்கினார். பேண்ட்டின் பின்தையல் டர்ரென்று பிரிந்தது. மனிதர் மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கடைக்குள் பாய்ந்தார்.

"கழட்டிக் குடுங்க. முன்னாடி வந்தவங்க துணியை முடிச்சிட்டுத் தைக்கிறேன்."

"நான் யாருன்னு..."

"தெரியும். தினமும் சுவர்ல பார்க்கிறேனே."

இடுப்பில் திரைத்துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த கேமரா வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. ஊர்க் குறையை நின்றபடியே கேட்டு, கும்பிட்டு, நழுவுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர்தான். ஆனால் பேண்ட் இல்லாமல் எங்கே நழுவுவது? சற்று நேரத்தில் மூக்கைப் பொத்தினார்.

"என்னக்கா நாத்தம், குடலைப் புரட்டுது!"

"மண்வெட்டி பிடிச்சு போட்டோ எடுத்துட்டுப் போனீங்களே, அந்தக் குழிதான்."

பிறகு மகளின் காலைப் பற்றிச் சொன்னாள். ஆச்சரியம், அவர் குறுக்கே பேசவில்லை. கண்கூடக் கலங்கியது.

"நாளைக்கே மூடிடறேன்க்கா. நானே வந்து பக்கத்துல நிக்கிறேன். அப்ப ஓட்டுப் போடுவீங்கதானே?"

"முதல்ல பேண்ட் கிழியாம ஒரு தடவை வந்து உக்காருங்க. அப்புறம் பார்க்கலாம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு வெட்கமில்லாமல் நம்பிவிட்டது. மறுநாள் காலையிலேயே ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, நொடிக்கொரு தரம் தெருவைப் பார்த்தாள்.

கார் வந்தது. இறங்கியவர் உறுப்பினரின் ஆலோசகர். குழியை லாகவமாகத் தாண்டி வந்து, மேஜைமேல் ஒரு கட்டுப் புது பேண்ட்டுகளை வைத்தார்.

"அக்கா, நேத்து வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுது. மக்களோட மக்களா உக்கார்ந்தார்னு ஊரே உருகுது. இன்னிக்கு தெருவுக்கு ஒரு தையல்கடை ஏற்பாடு பண்ணியிருக்கோம். இதுல எல்லாம் பின்தையலை லேசாப் பிரிச்சு விடணும். குனிஞ்சா கிழியணும், நடந்தா கிழியக் கூடாது."

அக்கா அவர் தோளுக்குமேல் காரை எட்டிப் பார்த்தாள்.

"அவர் வரலையா?"

"அதான் அவர் பேண்ட் வந்திருக்கேக்கா."