யாரும் போதும் என்று சொல்லவில்லை

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நானாக உட்காரவில்லை. என் தங்கை மகள் வந்து ஒரு பொய் செய்து தரச் சொன்னாள். அதில் ஆரம்பித்தது.

தங்கை சாந்தம்மாள் சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறாள். மகள் ராமலட்சுமி எல்லைக் காவல் படையில் இருக்கிறாள். படை அவளை வடக்கே மலைக்கு அனுப்பியது. அங்கே பனிச்சறுக்குக் கட்டையைக் காலிலும் துப்பாக்கியை முதுகிலும் மாட்டிக்கொண்டு ஓடவும் சுடவும் பழக்கினார்கள். அந்த விளையாட்டுக்குப் பயாத்லான் என்று பேர். வெளிநாட்டில் நடந்த பனிக்காலப் போட்டி ஒன்றில், பெண்களுக்கான ஸ்பிரிண்ட் ஓட்டத்தில் ஓடினாள். தோற்றாள். தோற்றதில் குற்றமில்லை. தோற்ற விதத்தில்தான் மேலதிகாரிகளுக்குச் சந்தேகம். வேண்டுமென்றே தோற்றாள் என்று முடிவு செய்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். நேரில் போய்க் காரணம் சொல்ல வேண்டும்.

லீவு முடிந்து பாலக்காட்டில் ரயில் ஏறப் போகிற வழியில், மீனாட்சிபுரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"மாமா, நீங்க கதை எழுதுறவருதான. நான் அங்க போயி என்னன்னு சொல்ல? நம்புற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

"நடந்தது என்ன?"

"நடந்ததச் சொன்னா நம்ப மாட்டாக."

சொன்னாள். நானும் நம்பவில்லை. யார் சொன்னாலும் முதல் தடவையில் நம்புகிற ஆள் இல்லை நான். பால் சொசைட்டி வேன் ஓட்டிய காலத்தில் பாலை மட்டுமல்ல, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பாலில் விடுகிற மானியையும் நம்பியதில்லை.

2

[முதல் ஆரம்பம்] வானத்திலிருந்து பஞ்சு உதிர்வதுபோல் பனி—

[அடித்தாயிற்று. நான் பனி விழுந்து பார்த்ததில்லை. மூணாறில் ஜனவரிக் காலையில் புல்லின்மேல் உப்புத் தூவினாற்போல் உறைந்து கிடக்கும். என் பனி அவ்வளவுதான்.]

[இரண்டாம் ஆரம்பம்] ஏலக்காட்டுச் சரிவுகளில் ஏறி இறங்கிய கால்கள் இன்று உலக அரங்கில்—

[இதையும் அடித்தாயிற்று. மேடையில் பொன்னாடை போர்த்துகிறவன் எழுதுகிற வரி. ஏலக்காட்டில் ஏறி இறங்கினால் முட்டி வலிதான் வரும். சாந்தம்மாளைக் கேளுங்கள்.]

"ஏனுங்க, பனியப் பாத்ததில்ல, துப்பாக்கியத் தொட்டதில்ல, நாலாங்கிளாசுக்கு மேல பள்ளிக்கோடம் போனதில்ல. எந்தத் தைரியத்துல எழுதறீங்க?"

இது மயிலாத்தாள், என் வீட்டுக்காரி. எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"அவ சொன்னதத்தான் எழுதறேன்."

"அவ சொன்னதத்தான் நீங்க நம்பலீங்களே."

"நம்பாம எழுதக்கூடாதா?"

"எழுதலாமுங்க. எங்கப்பங்கிட்டப் பொண்ணு கேட்டு வந்தப்ப, மலையில எனக்குத் தோட்டம் இருக்குதுன்னீங்க. உங்களுக்கு அது புதுசா என்ன."

தவிட்டுக் கையை வாளி விளிம்பில் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் வீட்டார் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

3

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் கதை புரியாது. ஒரு சுற்று ஓட வேண்டும். வந்து படுத்துக்கொண்டு ஐந்து குண்டு. இன்னொரு சுற்று. இந்தத் தடவை நின்றுகொண்டு ஐந்து. பிறகு கடைசிச் சுற்று. குறிகள் கறுப்பாக இருக்கும், குண்டு பட்டால் வெள்ளையாகிவிடும். எத்தனை கறுப்பு மிஞ்சுகிறதோ அத்தனை தடவை, பக்கத்தில் இருக்கிற சின்ன வட்டப் பாதையைச் சுற்றிவிட்டுத்தான் மேலே ஓடலாம். அது தண்டனைச் சுற்று.*

* எத்தனை சுற்று என்பதை ஓடுகிறவளே எண்ணிக்கொள்ள வேண்டும். குறைத்துச் சுற்றினால் அவள் நேரத்தில் ஏற்றிவிடுவார்கள். கூட்டிச் சுற்றினால் அவள் பாடு. அங்கே எண்ணுவதற்கு ஆள் உண்டு, சொல்வதற்கு ஆள் இல்லை. இந்த வரியை மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் அணியில் இருந்து ஓடியவர்கள் இரண்டு பேர். ராமலட்சுமி, இன்னொருத்தி லடாக்குக்காரி. அடுத்த வருச வெளிநாட்டுப் போட்டிக்கு ஒருத்திக்குத்தான் இடம். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்து ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். ராமலட்சுமி வைத்த ரசத்தை அவள் டம்ளரில் ஊற்றித் தேநீர் மாதிரி ஊதிக் குடிப்பாளாம்.

4

ராமலட்சுமி படுத்துச் சுட்டபோது ஐந்தும் வெள்ளையானது. எழுந்து துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினாள். ஏற்றத்தில் மூச்சு தொண்டையில் கம்பளி மாதிரி அடைத்தது. அவளுக்கு அதில் புதுசு ஒன்றுமில்லை. திரும்பி வந்து நின்றாள். நின்று சுடும்போது நெஞ்சு அடிக்கிற அடியில் துப்பாக்கி முனை ஆடும். ஆட்டம் அடங்குகிற இடைவெளியில் விரலை அழுத்த வேண்டும். காத்திருந்தால் நேரம் போகும், அவசரப்பட்டால் குண்டு போகும்.

மூன்று வெள்ளை. இரண்டு கறுப்பு.

இரண்டு என்று அவளுக்குத் தெரியும். சத்தியம் பண்ணிச் சொல்கிறாள், அந்த இரண்டு கறுப்பும் கண்ணுக்குள்ளேயே நின்றதாம். வட்டத்துக்குள் போனாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. வட்டத்தை விட்டு வெளியேறுகிற இடத்தில் தடித்த கோட்டுப் போட்ட ஒரு ஆள், கையில் அட்டையோடு நின்றுகொண்டிருந்தான். அவள் அவன் வாயைப் பார்த்தாள்.

வாய் திறக்கவில்லை.

மூன்றாவது சுற்றுக்குப் போனாள். பாதி வட்டம் போனபிறகுதான் உறைத்தது. பாதியில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் அதே தூரம்.

முடிவில் லடாக்குக்காரி முந்திவிட்டாள். முந்திய நேரம் அந்த ஒரு சுற்றுக்குப் பிடிக்கிற நேரத்தைவிடக் குறைவு.

5

இப்போது நீங்கள் நினைப்பதைத்தான் அதிகாரிகளும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஒரே அறை, ஒரே அடுப்பு, ரசம். தோழிக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

எழுதியும் பார்த்தேன்: "வட்டத்தின் விளிம்பில் அவள் ஒரு கணம் நின்றாள். தோழியின் முகம் அவள் மனக்கண்ணில்—"

[மனக்கண் என்ற வார்த்தை வந்ததுமே தெரிந்துவிட்டது, பொய் என்று. ஓடுகிறவளுக்கு மனக்கண்ணுக்கு எங்கே நேரம்?]

அழகாக இருக்கிற காரணத்தை நான் எப்போதும் இரண்டு தடவை மோந்து பார்ப்பேன். ராமலட்சுமியிடம் நேராகவே கேட்டேன்.

"அவளுக்காக விட்டியா?"

"நல்லாருக்கே கதை. விடுறதா இருந்தா ஒரு குண்ட வேணும்னு தப்பா சுட்டுருக்க மாட்டேனா? எவனுக்குத் தெரியும்? ஊரு பாக்க சுத்திக்கிட்டா இருப்பேன்?"

அதில் நியாயம் இருந்தது.

6

அவள் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த லயத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

ராமலட்சுமி பிறந்த லயத்தில், அதாவது தோட்டத்து வேலைக்காரர்களின் வரிசை வீடுகளில், பலாமரத்தடியில் முனீஸ்வரன் கல் உண்டு. யாராவது தப்புப் பண்ணினால் பெரியவர்கள் கூடி, சுத்து போடுவார்கள். தப்புப் பண்ணியவர் கல்லைச் சுற்ற வேண்டும். எத்தனை என்று கணக்கில்லை. கூட்டத்தில் யாராவது ஒருத்தர் போதும் என்று சொல்கிறவரை சுற்ற வேண்டும். சொல்வதற்கு ஆள் சுலபத்தில் வராது. போதும் என்று சொன்னவர், சுற்றுகிறவருக்குப் பொறுப்பு. மறுபடி அதே தப்பு நடந்தால் சொன்னவரும் சேர்ந்து சுற்ற வேண்டும். சொந்தக்காரர்கள் சொன்னால் செல்லாது. அவர்கள் எப்படியும் சொல்லிவிடுவார்கள் அல்லவா.

ராமலட்சுமிக்குச் சின்ன வயதில் ஒரு தடவை சுத்து விழுந்தது. காய் ஸ்டோர் கூரையில் இருந்த குரங்கைக் குறிபார்த்துக் கல் எறிந்தாள். குறி தப்பிக் கண்ணாடி உடைந்தது—

[கல்லும் இல்லை, குரங்கும் இல்லை. அன்றும் குறி தப்பியதற்குச் சுற்று, இன்றும் குறி தப்பியதற்குச் சுற்று என்று பொருந்தி வந்ததில் ஆசைப்பட்டுவிட்டேன். நடந்தது இதுதான்: விளையாட்டுக்கு இளங்காயைச் சரத்தோடு பிடுங்கிப்போட்டாள். கங்காணி பார்த்துவிட்டார்.]

சுற்றினாள். யாரும் வாய் திறக்கவில்லை. சாந்தம்மாள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். விருந்துக்குப் போயிருந்த நானும் நின்றேன். தாய்மாமன், என் வாயும் செல்லாது. சுற்றச் சுற்ற அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் தெரியும்.

மூட்டை ஏற்ற ஜீப்பு கொண்டுவந்த ஜோபிதான் கடைசியில் பொறுக்கமாட்டாமல் கத்தினான். "மதி சேட்டா. ஆ கொச்சு எத்தற நேரமாயிட்டு கறங்குன்னு. மதி."

போதும் என்பதை மலையாளத்தில் மதி என்று சொன்னால் செல்லுமா என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம். "முனீஸ்வரனுக்கு இங்கன இருந்து இத்தன வருசமா மலையாளம் தெரியாமயா இருக்கும்?" என்று பெரியமுத்துக் கிழவர் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் ஜோபியின் ஜீப்பு வந்தாலே கேலிதான். "ஜோபி, நீ பொறுப்பேத்த புள்ள பள்ளிக்கூடத்துல ஒருத்தன கடிச்சுவச்சிட்டா. வண்டிய ஓரம்கட்டிட்டு வந்து சுத்து."

7

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றேன். "நீ எத்தனையோ ஓட்டம் ஓடியிருக்கே. அப்பல்லாம் தப்பாத கணக்கு இப்ப எப்படித் தப்பும்?"

"அப்பல்லாம் நான் எண்ணுனதே இல்ல மாமா."

பயிற்சியிலும் நம் நாட்டுப் போட்டிகளிலும் அவளுடைய கோச் வட்டத்தின் ஓரத்தில் நிற்பாராம். சுற்று முடிந்ததும் இந்தியில் "பஸ், பஸ்" என்று கத்துவாராம். போதும் என்று அர்த்தம். வெளிநாட்டில் அவளுக்கு இது முதல் ஓட்டம். கோச் அந்த நேரத்தில் லடாக்குக்காரிக்கு ஏதோ சொல்ல ஏற்றத்தில் நின்றிருந்தார். வட்டத்தின் ஓரத்தில் கோட்டுக்காரன் மட்டும்.

இன்னும் எனக்குத் தீரவில்லை. ஒரு கேள்வி போட்டுப் பார்த்தேன்.

"அன்னிக்கு முனீஸ்வரனை எத்தனை சுத்து சுத்தினே?"

"என்ன மாமா, தெரியாதவரு மாதிரி கேக்குறீக. எண்ணிக்கிட்டே சுத்துனா சுத்து ஆகாதுன்னு அம்மா சொல்லித்தான அனுப்புச்சு."

கேட்ட உடனே வந்த பதில். யோசித்துச் சொன்னதில்லை. அந்த இடத்தில்தான் நம்பினேன். வயசான காலத்தில் ஒருத்தரை நம்புவது உடம்புக்கு நல்லதில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

8

முடிவுகள்.

அ) கால்கட்டையின் பிடி நழுவிவிட்டது, அதைச் சரிபார்க்க ஒரு சுற்று போனேன் என்று சொல்கிறாள். நம்புகிறார்கள். மறுபடி ஒரு வாய்ப்புத் தருகிறார்கள். இந்தப் பொய்யை நானே அவளுக்குச் செய்து கொடுத்தேன். சொல்லிக் காட்டச் சொன்னேன். என்னைவிட நன்றாகச் சொன்னாள். அதனாலேயே பயந்துபோனேன்.

ஆ) நடந்ததைச் சொல்கிறாள். சிரிக்கிறார்கள். மலைக்கிராமத்தில் பிறந்த ஒரு அதிகாரி மட்டும் சிரிக்காமல்— [அப்படி ஒரு ஆள் அங்கே இருக்கிறார் என்று எனக்கு யார் சொன்னது? நான் நட்டுவைத்த ஆள். பிடுங்கிவிட்டேன்.]

இ) லடாக்குக்காரி எழுந்து "இவள் சொல்வது உண்மை" என்கிறாள். படித்தால் கண் கலங்கும். ஆனால் இடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது, அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்பாளா என்று தெரியவில்லை. நின்றாலும் ஒரே அடுப்பில் சாப்பிட்டவள், சொந்தக் கணக்கில் வருகிறாள். லயத்து வழக்கப்படி அவள் வாய் செல்லாது.

மயிலாத்தாளிடம் மூன்றையும் படித்துக் காட்டினேன்.

"மூணும் நல்லாத்தானுங்க இருக்குது. புள்ள என்ன சொல்லப் போறான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எழுதுகிறவனுக்கு அந்தப் புத்தி வருவதில்லை.

9

மறுநாள் அவளை ஏற்றிவிடப் போனபோது பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். பையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொல்லப் போறே?"

"நடந்ததத்தான் சொல்லப் போறேன்."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஒங்க பொய் நல்லாத்தான் இருந்துச்சு மாமா. ஆனா பொய் சொல்லிட்டு நின்னா, அப்புறம் எவரு வந்து போதும்னு சொன்னாலும் செல்லாதுல்ல. அந்த ஆளு எதுக்குப் பொறுப்பேத்துக்கிட்டாருன்னு அவருக்கே தெரியாதுல்ல."

பாலக்காடு பஸ் வந்தது. ஏறிவிட்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டது.

இதை எழுதி முடிக்கிற இன்று, அவள் இன்னும் அதிகாரிகளின் அறைக்குள் போகவில்லை. போனபிறகு என்ன நடந்தது என்று விசாரித்து எழுதலாம். எழுத மாட்டேன். அது அவர்கள் தீர்ப்பு. எனக்கு வேண்டியது வேறு.

கதையில் அவளை நான் மூன்றாவது சுற்றின் பாதியில் விட்டிருக்கிறேன். இன்னும் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறாள். நான் தாய்மாமன், மயிலாத்தாள் அத்தை, எங்கள் வாய் செல்லாது. கோட்டுக்காரனின் வேலை எண்ணுவதோடு சரி. நீங்கள் அவளுக்கு ஒரு சொந்தமும் இல்லை. அவள் ஊர் உங்களுக்குத் தெரியாது, அவள் ரசத்தை நீங்கள் குடித்ததில்லை. அதனால்தான் இத்தனை நேரம் உங்களை நிற்கவைத்துப் பேசினேன்.

அவசரப்பட வேண்டாம். சொன்னால் பொறுப்பு உங்களுடையது. அதை நான் மறைக்கவில்லை. நானாக இருந்தால் நன்றாக யோசிப்பேன்.

வட்டம் வளைந்து, அந்த வெளிவழிக்கு வருகிறாள். உங்கள் வாயைப் பார்க்கிறாள்.