வரம்பில் குந்தியிருந்தவரின் படம்

ஜேர்மனியில் கொலோன் நகரத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் செயலாளர். அந்தப் படத்தின் கீழே "எல்லாம் இழந்த விவசாயி" என்று எழுதியதும் நான்தான்.

படத்தில் இருப்பவர் என் அண்ணன் கணேசலிங்கம். கிளிநொச்சியில் நாலு ஏக்கர் வயலில் கமம் செய்கிறார். இந்த வருடம் கோடையில் செய்த சிறுபோகம் தண்ணீரில்லாமல் கருகியது. மாரிமழையோடு காலபோகத்துக்கு விதைத்தது முழங்கால் உயரம் வந்தபோது வெள்ளம் மூடி அழுகிப்போனது. வெள்ளம் வடிந்த அன்று அவர் வயல் வரம்பில் குந்தியிருந்து காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் மகள் கம்சனா விளையாட்டாக எடுத்து எனக்கு அனுப்பினாள். காலும் முள்ளும் தெரியாமல் வெட்டினேன். குனிந்த தலை மட்டும் மிஞ்சியது. நிவாரண நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது என்று தலைவி பாலாம்பிகை அக்கா புகழ்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

படம் முகநூலில் ஏறி இரண்டே நாளில் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்கு விதைநெல் தருவதாகச் சொல்லியிருந்த தபோதரனும் பார்த்தார். "உமக்கென்ன, ஜேர்மனியில இருக்கிறவை பாப்பினம்" என்று நெல்லை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மார்கழிப் பாதிக்குள் விதைக்காவிட்டால் இந்தப் போகமும் போச்சு.

கம்சனா சொல்லித்தான் இதை அறிந்தேன். உடனே அண்ணனை அழைத்தேன்.

"விதைநெல்லுக்கு என்ன செய்யப் போறியள், அண்ணா?"

"விதைச்சிட்டன். சாப்பாட்டுக்கு வைச்ச நெல்லு மூண்டு மூட்டை கிடந்தது."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"கடையில வாங்குவம்."

வெட்கத்தில் காது சுட்டது. "ஏசுங்கோ அண்ணா" என்றேன்.

"ஏசி என்ன? நீ நல்லதுக்குத்தான் செய்தனீ. அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடு, பிள்ளை. நான் இன்னும் கமம் செய்யிறன்."

ஞாயிற்றுக்கிழமை நிவாரண நிகழ்ச்சி மண்டபத்தில் படம் ஆளுயரத்தில் நின்றது. கழற்றப் போனேன். "சனம் வந்திட்டுது தர்மிகா, இப்ப ஏலாது" என்று பாலாம்பிகை அக்கா தடுத்தார். நான் ஒலிவாங்கியை எடுத்தேன்.

"இவர் என்ரை அண்ணா. எல்லாத்தையும் இழக்கேல்லை. மூண்டாந்தரம் விதைச்சிருக்கிறார். படத்தை வெட்டினது நான்."

முன்வரிசையில் ஒருவர் கேட்டார்: "அப்ப அவருக்கு உதவி ஒண்டும் தேவையில்லையோ, தங்கச்சி?"

தேவை என்று சொல்லவும் வெட்கம், இல்லை என்று சொல்லவும் வெட்கம். அண்ணன் வீட்டில் அன்று உலையேறியதா என்று நான் கேட்டிருக்கவில்லை.