ஒரு சாண் ஃபோகஸ்

...கையைத் தூக்கினால் நிறுத்து, இறக்கினால் அடி, இவ்வளவுதான் எனக்கு உத்தரவு, டிராபிக் போலீஸ் கெட்டது போங்கள், முழங்கால் தண்ணீரில் பாறையோரமாகக் குனிந்துகொண்டு, முதுகில் பூச்சிமருந்து அடிக்கிற டேங்க்கை மாட்டிக்கொண்டு, இடது கையில் பம்ப், வலது கையில் குழாய், எனக்கு முன்னால் கல்யாண ஜோடி, அந்த ஜோடிக்கு அப்பால் எதிர்க்கரையில் ஸ்டாண்டு போட்டு கேமராவுக்குப் பின்னால் என் மனைவி கலையரசி. கள்ளக்குறிச்சியில் ஜே.பி. ஸ்டுடியோ என்றால் தெரியாதவர்கள் உண்டா, ஜே.பி. என்றால் ஜெயப்பிரகாஷ், ஜெயப்பிரகாஷ் என்றால் நான், கலையரசி இல்லை. ஆனால் கல்வராயன் மலை ஓடையில் இன்றைக்கு ஜே.பி. தண்ணீர் தெளிக்கிறான், கலையரசி படம் எடுக்கிறாள். டேங்க்கைக் கொண்டுவந்தவன் மாப்பிள்ளை பிரவீன்குமார், மணலூர்பேட்டையில் கரும்பு போட்டிருக்கிற வீடு, “புதுசுதாண்ணா, இன்னும் மருந்தே ஊத்தல, தைரியமா மாட்டிக்கோங்க” என்று அவனே என் தோளில் வாரை இழுத்து மாட்டிவிட்டான்... மருந்துக்கா நான் பயந்தேன்? கோமுகி அணையைத் தாண்டி வண்டி மலையேறும்போது பின்சீட்டிலிருந்து அவன் சொன்னானே, அதற்குத்தான். “கல்யாணத்துக்கும் அக்காவே எடுக்கட்டும்ண்ணா, நீங்க கூட இருங்க. இன்னிக்கு போட்டோ எப்டி வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்.” கூட இருங்களாம்! கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் ஸ்டுடியோக்காரனாகிய நான் என் மனைவிக்கு லைட் பிடித்துக்கொண்டு கூட இருக்க வேண்டுமாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள், அப்படியெல்லாம் வேண்டாம் தம்பி என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

அவள் கேமராவில் மாட்டியிருக்கிற அந்த லென்ஸை வாங்கியதே நான், அதை யாரிடம் போய்ச் சொல்வது, பாண்டிச்சேரியில் பழைய கேமரா சாமான் விற்கிற ஒருத்தனிடம் பேரம் பேசி வாங்கினேன், மிரர் லென்ஸ், பார்த்தால் பவுடர் டப்பா அளவுதான், உள்ளே கண்ணாடி வைத்து வெளிச்சத்தை முன்னும் பின்னும் மடக்குவதால் முழ நீள லென்ஸ் செய்கிற வேலையை இந்தக் குட்டையே செய்துவிடும், முகப்பில் நட்டநடுவே கறுப்பாக ஒரு வட்டம் அடைத்துக்கொண்டிருக்கும், அந்த வட்டத்தால்தான் பின்னால் எங்கே ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தாலும் அது நடுவில் ஓட்டையோடு வளையமாக விழும். நான் அதைத் தேர்த்திருவிழாவுக்குக் கொண்டுபோனேன்... தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருக வேண்டும், வெளிச்சத்தைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, சாமிக்குப் பின்னால் இருந்த சீரியல் விளக்கெல்லாம் ஓட்டை ஓட்டையாக வந்து, கோயில்காரர் என் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா இது, சாமி பின்னாடி வடையா தொங்குது?” என்றார், சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பரணில் தூக்கிப் போட்டேன். போட்டது தப்பா? நான் ஆர்டருக்குப் போன சமயத்தில் இவள் அதை இறக்கி, கொடிக்கம்பியில் சொட்டுகிற தண்ணீர், மிளகாய்ச் செடி, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் என்று வீட்டைச் சுற்றியே எடுத்து இன்ஸ்டாவில் போட, நான் எடுத்தபோது வடையாக இருந்தது அவள் எடுத்ததும் வளையல், பூமாலை, நிலா என்று ஆளாளுக்கு உருகுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஜோடியும் அக்காதான் எடுக்க வேண்டும் என்று வந்தது. படம் நன்றாக இல்லையா என்று கேட்டால்... நன்றாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு வயிறு எரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கை இறங்குகிறது, அடிக்கிறேன், நுண்ணிய தூறலாகப் பரவி வெயிலில் பளபளக்கிறது, பின்னால் இலையெல்லாம் நனைந்து சொட்டுகிறது, கை தூக்குகிறாள், நிறுத்துகிறேன். ஓடைச் சத்தத்தில் அங்கிருந்து கத்தினால் இங்கே கேட்காது, அதனால்தான் இந்தக் கைஜாடை, கேட்டிருந்தால் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாளோ. சூரியன் மலை விளிம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டால் இந்தச் சாய்வு வெளிச்சம் போய்விடும், போனால் இன்றைக்கு வளையம் இல்லை. “ஸ்பிரே அண்ணா, மெதுவா அடிங்க, முடி நனையுது” என்கிறாள் மணப்பெண் தேவதர்ஷினி, திருநாவலூர்ப் பெண், கிளிப்பச்சைப் பட்டு, முகம் முழுக்க மேக்கப்... ஸ்பிரே அண்ணாவாம், பெயரும் வைத்தாகிவிட்டது. இந்தக் குழாய் முனையைக் கொஞ்சம் திருகினால் தூறல் நின்று ஒரே பீச்சாகப் பாயும், பீச்சு நேராக அவள் பிடரியில் விழுந்தால், பட்டு நனையும், மேக்கப் ஒழுகும், அவளைத் துடைத்துத் தேற்றி நிறுத்துவதற்குள் வெயில் ஏறிவிடும், படம் இல்லை, கை தவறிவிட்டது தம்பி என்று நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வேன், அந்த லென்ஸெல்லாம் நம்பக்கூடாது, கல்யாணத்துக்கு நானே வந்து நின்று எடுத்துத் தருகிறேன் என்பேன்... செய்வேனா? ஏன் செய்யக்கூடாது? யார் ஸ்டுடியோ அது? முனையைத் திருகிவிட்டேன். எதிர்க்கரையில் கை இறங்குகிறது. அடித்தேன்.

“ஐயோ யம்மா!” என்று அலறிக்கொண்டு முன்னால் எகிறினாள், ஒரு பெரிய எட்டு, தலைமுடி சிதறி, கைகள் இரண்டும் விரிந்து, பிரவீன்குமார் அவளைப் பிடிக்கப் போய்த் தடுமாறி, “இன்னாண்ணா பண்றீங்க நீங்க!” என்று என் பக்கம் திரும்பிச் சீறினான், கை தவறிடுச்சு தம்பி என்றேன், சொல்லும்போதே உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கலையரசி கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை, கேமராவிலிருந்து தலையை எடுக்கவே இல்லை, அப்புறம் நிதானமாக நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் வரச்சொல்லிக் கையாட்டினாள்.

போய்ப் பார்த்தால் திரையில் தேவதர்ஷினி நிற்கிறாள்... நிற்கவில்லை, பறக்கிறாள், கண்ணிமையில் தொங்குகிற துளிகூடத் தனியாகத் தெரிகிறது, அலறியது சிரிப்பாக விழுந்திருக்கிறது, பின்னால் கலங்கலாக மாப்பிள்ளை, அவனுக்கும் பின்னால் நனைந்த இலைகள் முழுக்க வளையம் வளையமாக ஒளி. “அக்கா, இதாங்க்கா! ஃபிளெக்ஸுக்கு இதான்!” என்று ஈரப் புடவையோடு குதிக்கிறாள் அவள், சற்று முன்னால் சீறியவன் என் முதுகில் தட்டி, “சூப்பர் ஐடியாண்ணா, சொல்லிட்டு அடிச்சிருந்தா இப்டி வந்திருக்காது” என்கிறான். ஐடியாவாம்! கல்யாண ஆர்டர் போய்விட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது, என் கையாலேயே அள்ளிக்கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்தப் படம் எப்படி வந்தது? இந்தத் தூரத்தில் இந்த லென்ஸுக்கு ஒரு சாண்தான் தெளிவு, அதற்கு முன்னாலும் கலங்கல் பின்னாலும் கலங்கல், அதைத் திட்டித் தீர்த்த எனக்குத் தெரியாதா, தேவதர்ஷினி எகிறியதோ மூன்று சாண் இருக்கும், கண்மூடித் திறக்கிற நேரத்தில் எந்தக் கை ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பிடிக்கும்? யாராலும் முடியாது. பின்பக்க பட்டனை அழுத்தினேன், முந்தின படம் வந்தது. அதில் ஜோடி கலங்கிக் கிடக்கிறது. அவர்களுக்கு முன்னால், தேவதர்ஷினி எகிறி வந்து நின்ற இடத்துக்கு நேராக, தண்ணீரில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல், அதன் பாசி இழை இழையாகத் தெளிவாக இருக்கிறது.

கல்லை எதற்கு எடுத்தாள்? அந்த இடத்துக்கு ஃபோகஸை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கையை இறக்கியிருக்கிறாள். லென்ஸுக்குள் நான் தெரியவே மாட்டேன், நான் முனையைத் திருகியதை அவள் பார்த்திருக்க முடியாது... பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன், கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை, துணியால் லென்ஸ் முகப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“டேங்க்ல தண்ணி கம்மியா இருக்கும், ரொப்பிக்கினு போங்க. இன்னொரு தபா எடுக்கலாம்.”

“எப்டி அடிக்கணும்?”

“உங்க இஷ்டங்க.”

ரொப்பிக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிற்கிறேன், டேங்க் கனக்கிறது, தூறலாக அடித்தால் அவள் சொன்னபடி கேட்டவன் ஆவேன், பீச்சி அடித்தால் அவள் எதிர்பார்த்தபடி செய்தவன் ஆவேன், சும்மா நின்றால்... அதற்கும் அவளிடம் ஓர் இடம் இருக்குமோ? இத்தனை வருடம் ஒரே வீட்டில் எத்தனை தடவை இப்படி நான் எகிறப்போகிற இடத்தில் முன்னாலேயே போய் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்? தேவதர்ஷினி கழுத்தைத் திருப்பித் திருப்பி என் கையைப் பார்க்கிறாள். எதிர்க்கரையில் கலையரசி குனிகிறாள், லென்ஸ் வளையத்தை மெல்லத் திருகுகிறாள், நிறுத்துகிறாள். இப்போது எந்த இடத்தில் வைத்திருக்கிறாள் என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.