குதிகால் தடம்

செய்யூர் ரோட்டிலிருந்து பள்ளிக்கூட வேன் மண்பாதையில் திரும்பும்போதே, தலையில் கட்டியிருந்த துண்டைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். முழங்கால் சேற்றில் குனிந்து நிற்கிற பொம்பளையின் முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

மூன்று நாளாகவே சுஷ்மிதா நச்சரித்துக்கொண்டிருந்தாள். "ம்மா, எங்க கிளாஸ லதா மேடம் கழனிக்குத்தான் இட்டுனு வராங்களாம். சனிக்கெழம நீ லீவு போட்டுடும்மா." நாற்றுக்கு வயசு ஏறிவிட்டது, இனி ஒருநாள் தள்ளினாலும் தூர் கட்டாது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ மகாபலிபுரத்துல ரிசார்ட்ல வேல செய்யறன்னு சொல்லி வச்சிகீறேன்" என்றாள். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"செரி போ. அன்னிக்கு நீ யாரோ, நான் யாரோ" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஏழாம் வகுப்பு வரைக்கும் அவள் காலில் சேறு படாமல் பார்த்துக்கொண்டவள் நான். எழுத்துக்கூட்டிப் படிக்க நான் கற்றதே அவளுடைய இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில்தான். இப்போது அவள் பக்கம் திருப்புகிற வேகத்துக்கு என் கண் போகாது. அதுதான் எனக்கு வேண்டியதும்.

கழனி, கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் பார்த்தசாரதி சாருடையது. அவர் சம்சாரம் லதா மேடம் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து விவசாயம் காட்டுகிறார். நல்ல மனுஷி. ஆனால் பிள்ளைகள் நடுவது நடவு ஆகாது. நடவு பின்னால் போகிற வேலை. நட்டது கண்ணெதிரே நிற்க, கால் நடாத இடத்துக்கு நகரணும். பிள்ளைகளோ கொத்துக் கொத்தாய் அமுக்கிவிட்டு, முன்னால் நடந்து, நட்டதையே மிதித்துப் போவார்கள். வேன் போனதும் எல்லாவற்றையும் பிடுங்கி நாங்கள் மறுபடி நடணும். "வேண்டா, நமக்கு ரெண்டு நடவு. ஒண்ணு ஃபோட்டோவுக்கு, ஒண்ணு நெல்லுக்கு" என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிப்பார், நாற்றுக்கட்டு சுமந்து போடும் ஆபிரகாம் அண்ணாத்த.

பிள்ளைகள் கூச்சலோடு இறங்கினார்கள். "அங்கிள், பாம்பு கீதா?" என்றாள் ஒருத்தி.

"இருந்துச்சிம்மா. நீங்க போட்ட சத்தத்துல பேஜாராயி ஓடிப்போச்சி."

சுஷ்மிதா வரப்போரக் கடைசியில் இறங்கினாள். என் பக்கம் பார்க்கவில்லை. மூன்று நாற்றைப் பிரித்தாள், மூன்று விரலால் மேலாக ஊன்றினாள், ஒரு அடி பின்னால் வைத்தாள். மறுபடி மூன்று, மறுபடி ஒரு அடி. என் கை நின்றுவிட்டது. யார் சொல்லிக் கொடுத்தது? கைக்குழந்தையாக இருந்தபோது வரப்புப் புங்கமரத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தேன். காலைத்தான் சேறு படாமல் காத்தேன், கண்ணை மறைக்கவில்லை. பொய் சொல்லக்கூடாது, நெஞ்சு பூரித்தது. வேறு யாரும் பார்த்துவிட்டார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

லதா மேடம் பார்த்துவிட்டார். "பசங்களா, இங்க பாருங்க! எவ்ளோ அழகா பின்னாடி போயி நடறா! வேண்டா, இவ உன் பொண்ணுதானே? அப்படியே அம்மா கை! இதெல்லாம் ரத்தத்துலயே வரணும்." ஆசையாகத்தான் சொன்னார். போன வருஷம் சுஷ்மிதாவைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பித் தந்தவரே அவர்தான்; வாக்குக் கொடுத்தபோது அதை நான் நினைக்கவில்லை. அவரிடம் இல்லை என்று சொல்ல முடியுமா? துண்டை இன்னும் கீழே இழுத்தேன்.

அத்தனை முகமும் அவளைப் பார்த்தது, பிறகு என் துண்டைப் பார்த்தது.

"ஏய், உங்கம்மா ரிசார்ட்லன்னு சொன்ன?"

சுஷ்மிதா என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த நாற்றைத் தண்ணீரில் விட்டாள். பிறகு முன்னால் நடந்தாள். அவசரமில்லாமல், தான் நட்ட ஒவ்வொரு நாற்றுக் குத்தின் மேலும் குதிகாலை ஊன்றி, வரப்பு வரைக்கும்.

"ஐயோ, ஏம்மா மிதிக்கிற?"

"எல்லாரும் இப்பிடித்தானே மேடம் நடக்குறாங்க."

போகும்போது எல்லோரும் வரப்பில் நின்று "தேங்க்யூ ஃபார்மர்ஸ்" என்று கத்தினார்கள். அவள் வாய் அசைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் வெயில்.

பிடுங்கி நடத் தொடங்கினோம். ஆபிரகாம் அண்ணாத்த தமாஷ் பேசவில்லை. கட்டைக் கிட்டே வைத்துவிட்டு, கடைசி வரிசையைக் காட்டி, "அத்த இன்னா செய்யறது? புடுங்கிடவா?" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாத்த. அத்த நான் பாத்துக்கறேன்."

நூல் பிடித்த மாதிரி இருந்தது வரிசை. ஒவ்வொரு குத்தும் சேற்றில் படுத்திருந்தது. பக்கத்து வரிசையை எடுத்தேன். மூன்று நாற்று, ஒரு அடி பின்னால். மூன்று நாற்று, ஒரு அடி பின்னால். நடவில் போகிறவளுக்கு எதிரே இருப்பதிலிருந்து முகத்தைத் திருப்ப வழியில்லை. சின்னக் குதிகால் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறி, கலங்கல் அடங்கி, மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது.