பூனை சுவரில் முட்டிய நாள்

என் தம்பிக்கு வீட்டில் பெயர் மேதை. பதினைந்து வயதில் கிடைத்த பட்டம். முப்பத்தைந்து வருடங்களாக அது காதில் விழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் அந்தப் பட்டத்தை வாங்கித் தந்த விளையாட்டை எழுதி முடித்தது நான்.

அப்பா வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில் மூலை உடைந்து விற்காமல் கிடந்த கம்ப்யூட்டர் ஒன்று ஒருநாள் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. விசைப்பலகைதான் கம்ப்யூட்டர். டிவிதான் திரை. எழுதியதைச் சேமிக்க டேப் ரிக்கார்டர். நானும் மேதையும் ஒரு எலி விளையாட்டு எழுத ஆரம்பித்தோம். எலி சந்துகளில் ஓடிப் பாலாடைக்கட்டி பொறுக்க வேண்டும், பூனை துரத்தும். எல்லாம் சரியாக வந்தது, பூனையைத் தவிர. அது சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. சுவரைத் தாண்டி வரும் பூனையிடம் எந்த எலி தப்பும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நிரலில் சில வரிகள் மாற்றினேன். அன்றே அவனும் ஏதோ மாற்றினான். அந்த வாரத்தில் ஒரு மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்து ஓட்டிப் பார்த்தால், பூனை சுவரில் முட்டி நின்றது. அப்பா கேட்டார், "யாரு சரி பண்ணது?" இருவரும் ஒரே குரலில் "நான்தான்" என்று கத்தினோம். கம்ப்யூட்டர் சொல்லித்தரும் விடுதிப் பள்ளிக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும். அப்பா அவனை நம்பினார். அடுத்த மாதமே கம்ப்யூட்டர் பெட்டியும் அவனும் வண்டி ஏறினார்கள். நான் இன்று டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பிரேக்கில் கால் வைக்கத் தெரியாதவர்களைத் திட்டுவது எனக்குப் பிடித்த வேலைதான். ஆனாலும் அந்த அநியாயம் ஆறவில்லை.

போன ஞாயிறு மதியம், நானும் அம்மாவும் இன்னும் வசிக்கும் அந்தப் பழைய வீட்டில் மேதை ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றான். அவன் வீடு மாற்றும்போது பரண்மேல் கிடைத்ததாம். அதே கம்ப்யூட்டர், அதே டேப் ரிக்கார்டர், அதே கேசட். எங்கிருந்தோ ஒரு பழைய டப்பா டிவியையும் தூக்கி வந்திருந்தான்.

"நல்லதாப் போச்சு. இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்," என்றேன்.

"இன்னுமாக்கா அதையே பேசிட்டிருக்க?"

"சாகற வரைக்கும் பேசுவேன். போடுடா."

தீர்ப்புச் சொல்ல சாட்சி அந்தக் கேசட்டிலேயே இருந்தது. நிரலின் வரிகளுக்கு எண் கொடுக்கும்போது நான் பத்துப் பத்தாகப் போவேன். அவன் அவசரக்காரன், நடுவே நுழைக்கும் வரிகளுக்கெல்லாம் ஐந்தில் முடியும் எண் கொடுப்பான். பூனையை நிறுத்திய வரிகளின் எண்ணைப் பார்த்தால் போதும்.

முதல் தடவை டேப் கீச்சிட்டுவிட்டுப் பாதியில் நின்றது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன். மூன்றாம் தடவை விளையாட்டு கம்ப்யூட்டரில் ஏறியது. அந்தக் கீச்சொலியைக் கேட்டதும் அவனுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வரிகள் ஓடின. 320, 330, 335, 340. அப்புறம் பூனையை நிறுத்தும் இடம்: 342. 344. 346. 348.

நான் அவனைப் பார்த்தேன். அவன் திருதிருவென்று விழித்தான்.

"இது உன்னோடதா?" என்றான்.

"நான் எப்படா ரெண்டு ரெண்டா எழுதினேன்? உன்னோடதுதான்."

"சத்தியமா இல்லக்கா. இப்படி எழுத எனக்கு அப்ப தெரியவே தெரியாது."

முப்பத்தைந்து வருடம் "என்னுடையது" என்று அடித்துக்கொண்டவர்கள், முதல் முறையாக "என்னுடையது இல்லை" என்று சண்டை போட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. நான் உட்கார்ந்த நாற்காலியின் ஆட்டம்கூட நினைவிருக்கிறது. அப்படியானால் நான் தட்டியது எங்கே? தேடினோம். 340இல் என் மாற்றம் இருந்தது, 335இல் அவனுடையது. இரண்டும் ஒன்றுக்கும் உதவாதவை.

"அப்பாவா இருக்குமோ?" என்றான்.

"அப்பாவுக்கு ரேடியோவே ஒழுங்கா திருகத் தெரியாது."

348ஆம் வரி திரையில் காட்டவேண்டிய ஒரு செய்தி. இன்னும் ஒரு உயிர்தான் மிச்சம் என்பது பொருள். அதில் ஒன்று என்ற எண் சற்று விசித்திரமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அது எண்ணே இல்லை, ஆங்கிலச் சின்ன எல் எழுத்து. மேற்கோள் குறிகளுக்குள் இருந்ததால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது.

ஒன்றுக்குப் பதில் எல். பழைய டைப்ரைட்டரில் ஒன்றுக்குத் தனி கீ கிடையாது. அதில் பழகியவர்கள் எல் எழுத்தைத்தான் தட்டுவார்கள். என் பள்ளிக்கூட விடுப்புக் கடிதங்களில் தேதியெல்லாம் அப்படித்தான் இருக்கும். அவற்றை அடித்தவள் நீதிமன்ற அலுவலகத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்ட். பூனை சுவரில் முட்டிய அந்த மாதம் கால் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, ஆறு வாரம் வீட்டில் இருந்தவள்.

ஜன்னல் ஓரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள் அம்மா.

"அம்மா, இதை நீயா எழுதின?"

"எதை? பூனையவா?" பேப்பரை மடித்தாள். "ஆமா. சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு. ஒன்னுக்கு எல் போட்டா அந்தப் பெட்டி வாங்கவே மாட்டேன்னுச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"பெட்டிகூடவே ஒரு புத்தகம் வந்துச்சே. நீங்க படிச்சாதானே."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று விளங்கவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாம்ல? இத்தனை வருஷம் நாங்க அடிச்சுக்கறதைப் பாத்துட்டுச் சும்மா இருந்தியே!"

"அப்பா கேட்டப்போ நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். ஊன்றுகோலை எடுத்து எழுந்து வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு கத்துனீங்க. அப்புறம் என்னை யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்தாள். "மூணாவது கட்டத்துல எலி மூலைக்குப் போனா மாட்டிக்குமே, சரி பண்ணுனியா?"

"அது வேணும்னே வச்ச பொறின்னு ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றான் மேதை, தலையைக் குனிந்தபடி.

"பொறியும் இல்ல, ஒன்னும் இல்ல. என் தப்பு. வழி கண்டுபிடிச்சு ஒரு தாள்ல எழுதி வச்சிருந்தேன். சாயங்காலம் போடலாம்னு பாத்தா, பெட்டி வண்டியில ஏறிடுச்சு."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அந்தப் பழைய சாப்பாட்டு மேசையை, அன்று பெட்டி இருந்த இடத்தை, கையால் ஒருமுறை தடவினாள். என் முப்பத்தைந்து வருடக் கோபம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"முதல் வரியில என் பேர் இருக்கும்மா," என்றான் அவன். "அழிச்சுட்டு உன் பேரைப் போடட்டுமா?"

"பேர் கெடக்கட்டும். முதல்ல எலி வெளிய வரட்டும். எழுந்திரு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அம்மா உட்கார்ந்து, பத்து விரல்களையும் கீகள்மேல் வைத்து, திரையைப் பார்த்தபடி தட்டத் தொடங்கினாள்.