வெள்ளையா, சாம்பலா

அக்காவும் அத்தானும் யார்டு கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏற்கெனவே துடைத்து முடித்த முகப்பு விளக்கை மறுபடியும் துடைத்தேன். வருகிறோம் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தயவுசெய்து வேறு யார்டுக்குப் போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

எங்கள் யார்டில் விற்பது பழைய ஃபோர் வீல் வண்டிகள், நாலு சக்கரமும் இழுத்து மேடு, சேறு எல்லாம் ஏறுகிறவை. வெளிநாட்டில் யார் யாரோ ஓட்டிச் சலித்து, கப்பலில் இங்கே வந்து இறங்குகிறவை. அவற்றைக் கழுவுவது நான். சீட்டைக் கழற்றி, தரை விரிப்பை உரித்து, முந்தைய சொந்தக்காரனின் நாய்முடியிலிருந்து அவன் குழந்தை ஒட்டிவைத்த மிட்டாய் வரை சுரண்டி எடுத்து, நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல நிறுத்துவேன். அதனால் யார்டில் எனக்கு ஷாம்பு என்று பெயர். சம்பளம் சுமார்தான். ஆனால் பின்சுவரை ஒட்டிய அறையில் நானும் என் மனைவியும் வாடகையில்லாமல் குடியிருக்கிறோம். வேலை போனால் அறையும் போகும் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

இன்னொன்றும் சொன்னார். வாங்க வருகிறவர்கள் முன்னால் நான் வாய் திறக்கக் கூடாது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன் யாரிடமோ டயர் பழையது என்று உளறிவிட்டானாம். அன்றைக்கே மூட்டையைக் கட்டினான்.

அத்தானுக்கு வண்டி அவசரம் என்பது எனக்குத் தெரியும். மேட்டுக் குடியிருப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவதுதான் அவர் பிழைப்பு. மண்பாதை, இரண்டு இடத்தில் ஓடை குறுக்கே பாயும். போன மழையில் அவருடைய வேன் நடு ஓடையில் நின்றுவிட, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார். விடுமுறை முடிவதற்குள் ஃபோர் வீல் வண்டியோடு வாருங்கள், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் இரண்டு என் அக்கா பெற்றவை.

எல்லாம் சரி. ஆனால் அத்தானும் நானும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது. பெரிய சண்டை ஒன்றுமில்லை. அந்த வேனை அவர் வாங்கப்போனபோது, இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது, வேண்டாம் என்றேன். வாங்கினார். சீக்கிரமே இன்ஜின் படுத்துவிட்டது, செலவழித்துச் சரிபண்ணித்தான் ஓட்டினார். நான் சொன்னது தப்பாகப் போயிருந்தால் மன்னித்திருப்பார். சரியாகப் போய்விட்டது, அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் கிழக்கு என்றால் அவருக்கு மேற்கு. வீட்டுக்கு வெளிர் நிறம் அடிக்கலாம் என்றேன். கருநீலம் அடித்தார், இன்றைக்கும் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பல்வலிக்கு ஒரு டாக்டரைச் சொன்னேன். எதிர்த்த கிளினிக்குக்குப் போய் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், நான் எதிரிலேயே நின்றாலும், அக்காவைப் பார்த்து "உன் தம்பிகிட்ட சொல்லு" என்பார்.

அன்று அத்தான் கண்ணில் பட்டவை இரண்டு வண்டிகள். இரண்டும் ஏழு பேர் உட்காருகிறவை. ஒன்று சாம்பல் நிறம். பின்கதவில் ஒரு நசுங்கல், சீட்டுத் துணியில் சிகரெட் சுட்ட ஓட்டை. மீட்டரைப் பார்த்தால் பூமியைப் பல தடவை சுற்றிவிட்டு வந்தது போல இருக்கும். ஆனால் அடியில் தவழ்ந்து பார்த்தால் துரு கிடையாது. மற்றது முத்து வெள்ளை. தோல் சீட்டு, கூரையில் கண்ணாடி, ஓட்டமும் பாதிதான். சீக்கிரம் தள்ளிவிட வேண்டும் என்று முதலாளி அதன் விலையைச் சாம்பல் வண்டி அளவுக்கு இறக்கி வைத்திருந்தார். பார்க்கிறவர்கள் சொக்கிப்போவார்கள்.

சொக்கவைத்தவன் நான்தான். அந்த வெள்ளை வண்டி வந்த நாளில், கதவைத் திறந்ததும் பாழுங்கிணற்று வாடை முகத்தில் அடித்தது. விரிப்பை உரித்தால் அடியில் மாவு போல வண்டல். சீட்டு போல்ட்டு எல்லாம் துரு. எந்த ஊர் வெள்ளத்திலோ ஜன்னல் வரை முங்கிக் கிடந்த வண்டி. முதலாளியிடம் சொன்னேன். "கழுவினா போயிடும்ல?" என்றார். கழுவினேன். வாடை போகிறவரை கழுவினேன், போல்ட்டுகளை மாற்றினேன், புது விரிப்பு ஒட்டினேன். வேலை அவ்வளவு சுத்தமாக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது என்பதுதான் கொடுமை.

முங்கின வண்டி உடனே காட்டிக்கொடுக்காது. சில மாதம் சமர்த்தாக ஓடும். பிறகு ஏதோ ஒரு நாள், எங்கேயோ ஒரு ஒயர் பச்சை பூத்து, ஓடுகிற ஓட்டத்தில் இன்ஜின் அணையும். பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் மல்லுக்கு நிற்கும். அது சமதரையில் நடந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். மேட்டுக் குடியிருப்பு இறக்கத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாளி சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார். அத்தான் சாம்பல் வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், டயரை ஓர் உதை விட்டார். ஏன் எல்லோரும் டயரை உதைக்கிறார்களோ தெரியவில்லை. முதலாளி சாவியைத் திருப்பியதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வெளிநாட்டுப் பாஷையில் நீளமாக ஏதோ பேசியது.

"என்ன சொல்றா?" என்றார் அத்தான்.

"யாருக்குத் தெரியும்? வாங்க வாங்கன்னு கூப்பிடறான்னு வச்சுக்குங்களேன்" என்றார் முதலாளி.

வெள்ளை வண்டியில் அதே குரல் பாதி வார்த்தையில் நின்றுபோனது. "புது இடம், கூச்சப்படுது" என்று முதலாளி சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அது கூச்சமில்லை, தண்ணீர் குடித்த ஒயர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து தோலைத் தடவிப் பார்த்தாள். "பிள்ளைங்க தூங்கிட்டே போகலாம்" என்றாள்.

என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பக்கெட்டை இங்கிருந்து அங்கே வைத்தேன், அங்கிருந்து இங்கே வைத்தேன். ஒரு வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி போனை எடுத்து, 'வெள்ளை வேண்டாம்' என்று அக்காவுக்குத் தட்டினேன். அனுப்பப்போகிற நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், அக்காவின் போன் அத்தான் கையில் இருக்கிறது. விலையைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் முதலாளி அதே திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தட்டினதை அழித்தேன்.

அப்போதுதான் அக்கா என் பக்கம் கை காட்டினாள். "அது என் தம்பிதாங்க."

முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அட, நம்ம ஷாம்புவோட அக்காவா? முன்னாடியே சொல்லக் கூடாதா? வாப்பா இங்க." என் தோளில் கை போட்டார். "ரெண்டையும் கழுவினது இவன்தான். இவனுக்குத் தெரியாத மூலை இல்ல. நீயே சொல்லுப்பா, எத எடுக்கலாம்?" தோளில் இருந்த விரல்கள் மெல்ல அழுத்தின.

பயத்தில் மூளை வேகமாக ஓடும் போலிருக்கிறது. சட்டென்று வழி தெரிந்தது. வெள்ளையைப் புகழ்ந்தால் முதலாளி குளிர்ந்துபோவார். நான் புகழ்ந்த ஒரே காரணத்துக்காக அத்தான் சாம்பலை எடுப்பார். வேலையும் தப்பும், பிள்ளைகளும் தப்பிக்கும். இவ்வளவு சுலபமா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"வெள்ளைதான்" என்றேன். "கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்."

திறந்த வாய் பிறகு மூடவில்லை. இன்ஜின் ஓடுகிற சத்தமே கேட்காது என்றேன். உள்ளே ஒரு கீறல் காட்ட முடியாது என்றேன். சாம்பல் வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும் என்றேன். அத்தானைச் சீண்டுவதற்காகவே, "வண்டியப் பத்தித் தெரிஞ்சவங்க யாரும் அந்தச் சாம்பலத் தொடமாட்டாங்க" என்று கடைசியாக ஒரு போடு போட்டேன்.

அத்தான் சாம்பல் வண்டியையே பார்த்தார். போ, அதுக்கிட்ட போ என்று நான் மனதுக்குள் அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பினார். அக்கா பக்கம் அல்ல, என் பக்கம்.

"எனக்கு அந்தச் சாம்பல்தான் பிடிச்சிருந்துச்சு, மச்சான்" என்றார்.

அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று.

"ஆனா உங்க அக்கா ஒண்ணு சொன்னா. வேன் விஷயத்துல உன் பேச்சக் கேட்டிருந்தா அன்னைக்குப் பிள்ளைங்க நடு ஓடையில மாட்டியிருக்காதுன்னு. யோசிச்சுப் பார்த்தேன், அது நிஜம்தான். எத்தனையோ யார்டு இருக்கு. நீ இருக்கேன்னுதான் இங்க வந்தோம். நீ சொன்னா சரி. வெள்ளையே எடுத்துக்கறேன்."

சட்டைப் பையிலிருந்து முன்பண உறையை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் வீம்பிலேயே குடித்தனம் நடத்திய மனுஷன், திருந்துவதற்கு இன்றைக்குத்தானா நாள் பார்த்தார்? முதலாளி உறையைப் பிரித்து எண்ண ஆரம்பித்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று முதலாளி தலைக்கு மேலேயே பலகையில் எழுதி மாட்டியிருந்தது. பின்சுவர் ஓரம் என் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன், அக்கா உட்கார்ந்து எழுந்த பின்சீட்டைப் பார்த்தேன்.

"அத்தான், வேண்டாம்" என்றேன். "அது வெள்ளத்துல முங்கின வண்டி."

"ஷாம்பு, வெயில் தலைக்கேறிடுச்சா?" என்றார் முதலாளி, சிரிப்பு மாறாமல்.

பேசிப் பிரயோஜனமில்லை. முன்கதவைத் திறந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். உட்காருகிறவர்கள் உடம்பைச் சுற்றுகிற அளவுக்குத்தான் இழுப்பார்கள். நானும் அவ்வளவைத்தான் கழுவியிருந்தேன். விடாமல் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டு கிடந்த மிச்சம் வெளியே வந்தது. முழுக்கச் சேற்று நிறம். அத்தான் அதை இரண்டு விரலால் தடவினார். விரலில் வண்டல் ஒட்டியது.

முதலாளி உறையை மடித்து அத்தான் கையில் திருப்பி வைத்தார். பிறகு என்னிடம், "சாவிய மேசையில வச்சிட்டுக் கிளம்புப்பா. ரூமையும் நாளைக்குள்ள காலி பண்ணிடு" என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே மூன்று பேரும் நின்றோம். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அத்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப முதல்ல ஏன் அத எடுக்கச் சொன்ன? அந்த ஆளுக்குப் பயந்தா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதானே. அவரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார். ஆனால் அன்றைக்கு என்னிடம் இருந்த பொய்யெல்லாம் அந்த வெள்ளை வண்டிக்கே செலவாகிவிட்டது.

"நான் சொன்னதுக்கு எதிராத்தான் நீங்க பண்ணுவீங்கன்னு நினைச்சேன் அத்தான். வெள்ளைன்னு சொன்னா சாம்பல எடுப்பீங்கன்னு."

அக்கா என் கையை விட்டுவிட்டாள்.

அத்தான் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோபப்படவில்லை. "என் பிள்ளைங்க ஏறப்போற வண்டியிலகூட நான் வீம்பு பார்ப்பேன்னு நினைச்சியா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்படித்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கம்பி வழியாக உள்ளே பார்த்தபடி, "அந்தச் சாம்பல் எப்படி?" என்றார்.

"நல்ல வண்டி. முன் பிரேக் கட்டை மட்டும் மாத்தணும். மத்தபடி பயமில்ல."

"இத நேரா சொல்றியா, திருப்பிச் சொல்றியா?"

"நேராத்தான் அத்தான்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி கேட்டுக்குள் போனார். நான் இனி உள்ளே போக முடியாது. கம்பிக்கு இந்தப் பக்கம் அக்காவோடு நின்று பார்த்தேன். சாம்பல் வண்டியின் முன்கதவைத் திறந்து, பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்திருக்கும். விட்டுவிட்டு அடுத்த பெல்ட்டை இழுத்தார். பிறகு பின்கதவைத் திறந்தார். ஏழு பெல்ட்டையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகுதான் உறையை வெளியே எடுத்தார். பிள்ளைகள் ஏறுகிற வண்டியை அப்படித்தான் பார்க்க வேண்டும், அதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான், அவர் ஒரு மூன்றாவது பெல்ட்டோடாவது நிறுத்தியிருக்கக் கூடாதா என்று இருந்தது.