நாலாவது பைப்

புகை பிடிக்கிற பைப் மூன்று செய்து மூன்றிலும் குறை வந்த பிறகு, புரோத்ராபூரில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் தம்பையாவுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. படாக் மரத்தில் பூச்சாடி, கிண்ணம், ஊன்றுகோல் என்று இருபது வருஷமாகக் கடைகிறவர். ஒருத்தர் ஒரு சொல் குறை சொன்னதில்லை. இப்போது ஒரு சாண் நீளச் சாமான் அவரைப் படாத பாடு படுத்தியது.

கேட்டவர் நந்தகுமார். கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர், டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் வீடு. பழைய பைப்பில் ருசி செத்துவிட்டதாம், புதிது வேண்டுமாம்.

முதல் பைப்பில் புகை வரும் துளை ஐந்து மில்லிமீட்டர். மனுஷன் வெர்னியர் வைத்து அளந்தே பார்த்தார். "புகை தாராளமா வருது தம்பையா. ருசி வரல."

துளை பெரிது, புகை ஓடிவந்துவிடுகிறது என்று இரண்டாவதில் மூன்றாகக் குறைத்தார். உள்ளே ஈரம் தேங்கிக் களகளவென்று சத்தம் போட்டது. மூன்றாவதில் நாலு, துளை புகையிலை திணிக்கும் கிண்ணத்தின் அடியில் சரியாகப் போய்ச் சேரும்படி, சுவரும் கனமாக, தண்டில் லேசான வளைவோடு. சத்தமில்லை, கை சுடவில்லை, கடைசிவரை அணையாமல் எரிந்தது.

"வெறும் சூடு. உன் கை போச்சுப்பா."

இதை டீக்கடையிலும் சொல்லிவிட்டுப் போனார். தம்பையாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் அதே பைப்பைத் தம்பையா இழுத்துப் பார்த்தால் வெல்லம் காய்ச்சுகிற மாதிரி அப்படியொரு வாசம்! எனக்கு இனிக்கிறது, அவருக்கு ஏன் இனிக்கவில்லை? பீடி குடித்த நாக்கு, அதற்கென்ன தெரியும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒருவேளை மரம்தான் காரணமோ? நாலாவதைக் கொய்யா வேரில் கடைந்தார். இதுவும் சரியில்லையென்றால் பட்டறையை மூடிவிடுவது என்று முடிவே செய்துவிட்டார்.

சோதித்துச் சோதித்து, இன்ஜினியர் கொடுத்துவைத்திருந்த டின் புகையிலை தீர்ந்துபோயிருந்தது. மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வரவேண்டிய கப்பலும் லேட். காற்று ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் நாலு பீடியைப் பிரித்துக் கொட்டிப் பற்றவைத்தார். அந்த நேரம் பார்த்து நந்தகுமார் நுழைந்து, "அரே, குடு பார்ப்போம்" என்று கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டார்.

"சார், அதுல..."

அவர் கண்ணை மூடி நிதானமாக மூன்று இழுப்பு இழுத்தார். தம்பையா திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

"அதே கதைதான். என் புகையிலையக் கெடுக்கவே நீ மரம் அறுக்கிற."

தம்பையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டறை முழுக்கப் பீடி நெடி. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! பீடியென்று சொன்னால் கோபப்படுவாரா? சொல்லாவிட்டால் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட மாதிரி ஆகாதா?

வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்த நந்தகுமாரின் மனைவி உமா மகேஸ்வரி, நேரமாகிறதென்று உள்ளே வந்தவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்க இது, இப்படி பீடி நாத்தம்? நீங்க எப்போலேர்ந்து பீடி குடிக்க ஆரம்பிச்சீங்க?"

"பீடியா?" என்றார் நந்தகுமார். பைப்பை மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி முகர்ந்தார். தம்பையா நெடியடிக்கும் டர்பன்டைன் டப்பாவைத் திறந்து நீட்டினார். அதையும் முகர்ந்தார்.

"ஒண்ணுமே தெரியலையே..."

"போன காய்ச்சல்லேர்ந்தே வாசம் தெரியலையா?" என்றார் அந்த அம்மா.

தப்பு தன் கையில் இல்லை என்று தம்பையாவுக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனால் உமா மகேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த அம்மா மரத்தூள் படிந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசமாங்க. என் கைமணம் போச்சுன்னு நீங்க தட்டத் தள்ளிவிட்டு எழுந்திருச்சப்பல்லாம், நான் அடுப்படியில நின்னு அழுதுக்கிட்டு இருந்தேன்."